ஒர்க்‌ஷாப் வாசல் மிதிக்காத வண்டி

அந்த வண்டிக்கு வீட்டில் ஒரு குணம், வெளியில் ஒரு குணம். முற்றத்தில் நிற்கும்போது ஒரே உதையில் கிளம்பும். சீராக உறுமிக்கொண்டு, என்மேல் என்ன குறை கண்டாய் என்று கேட்கிற மாதிரி நிற்கும். பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இருமும், மூச்சு வாங்கும், நின்றுவிடும். அவளுடைய புருஷன் இதற்கு நேர் எதிர். வெளியில் தங்கமான மனுஷன். சண்டித்தனம் எல்லாம் வாசற்படி தாண்டி உள்ளே வந்த பிறகுதான்.

அவரை எல்லோரும் ரொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேக்கரியிலிருந்து ரொட்டியும் பன்னும் ரஸ்க்கும் ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாகப் போடுகிற லைன் அவருடையது. வண்டியின் பின்னால் பெரிய தகரப் பெட்டி ஒன்று கட்டியிருக்கும். தெருமுனையில் அந்தப் பெட்டி கடகடக்கும் சத்தம் கேட்டாலே கடைக்காரர்கள் முந்தின நாள் மிஞ்சியதைத் திருப்பித் தர எடுத்து வைத்துவிடுவார்கள். எந்தக் கடையில் கேட்டாலும், அவர் மாதிரி சிரித்த முகமாக ஒரு ஆள் உண்டா என்பார்கள். அந்தச் சிரிப்பைக் கடைசிக் கடையிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார் என்பது கடைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

வண்டி அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. "அது உனக்கு மூத்தாளு. அடக்கமா நடந்துக்க" என்று பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா அடிக்கடி கேலி பண்ணுவாள். கேலியில் பாதி நிஜம். வண்டிக்குத் தனித் துணி, தனி வாளி, தனி சோப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் சாப்பிடக் கூப்பிடவும் பயமாக இருக்கும். "இது இன்னைக்கு வரைக்கும் ஒர்க்‌ஷாப் வாசல மிதிச்சதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அவளுக்கு இருந்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது. அதையும் நேராகப் பிடிக்கவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் லைன் முடித்து நனைந்து வந்தவர், வண்டியை வெளிச்சுவர் ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டு முகம் கழுவப் போனார். குளியலறையில் வாளி உருண்ட சத்தம் கேட்டு அவள் ஓடினாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நாக்கு குழறியது. அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் முழுசாக விளங்கும். முற்றத்தைப் பார்த்தபடி வாசலுக்கு உள்ளே ஒரு கைவைத்த நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். வண்டியை முற்றத்தில் தகரக் கூரைக்கு அடியில் தள்ளி நிறுத்தினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கட்டிக்கொடுத்த மகள் தொலைவில் இருந்தாள். அவள் பாடே பெரும்பாடு. இந்த வீட்டுக்குச் சோறு போட்டது லைன் ஒன்றுதான். கொஞ்ச நாள் பேக்கரி முதலாளியின் மச்சான் மொபெட்டில் சமாளித்தார். பிறகு அவருக்கும் முதுகு வலி வந்துவிட்டது. பேக்கரிக்குப் போய் இவளே நின்றாள்.

"வண்டி ஓட்டுவியாம்மா நீ?" என்றார் முதலாளி. நம்பாத பார்வை.

"ஓட்டுவேங்க." கல்யாணமான புதிதில், தன் பவிசைக் காட்டுவதற்காக, அவர்தான் மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு சாவியைத் தொட விட்டதில்லை. அதையெல்லாம் முதலாளியிடம் சொல்வானேன்?

"இத்தன வருஷம் உழைச்ச மனுஷன். லைன வேற ஆளுக்குக் குடுக்க எனக்கும் மனசு வரல. அடுத்த திங்கக்கிழமை வண்டியோட வா. ஒருநாள் முழுசா ஓட்டிக் காட்டு. காலை டீக்கு முன்னாடி எல்லாக் கடைக்கும் பன்னு போயிருக்கணும். போச்சுன்னா லைன் உனக்கு. இல்லைன்னா நான் வேற ஆளு பாக்கறதத் தவிர வழியில்லம்மா."

நியாயமான பேச்சுதான். அன்றைக்கே சாவியை எடுத்து வண்டியை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாலம் வரைக்கும் ராஜபாட்டையாகப் போயிற்று. பாலத்தின் மேல் இருமி நின்றது. உதைத்துப் பார்த்துக் கால் ஓய்ந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி ஒரு தரம் நின்றது.

"நின்னுச்சா?" என்றார் நாற்காலியிலிருந்து.

"நின்னுச்சுங்க. பாலத்து மேல."

"எப்படி? பட்டுனு நின்னுச்சா, இருமி நின்னுச்சா?"

"இருமிச்சு. ரெண்டு தரம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. அப்புறம் அப்படியே அடங்கிருச்சு. கொஞ்ச நேரம் சும்மா விட்டா திரும்பவும் கெளம்புது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று அவள் காத்து நின்றாள். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பார்க்காத தெளிச்சி.

"டூல் பெட்டிய எடுத்துட்டு வா. பிளக்கக் கழட்டு."

"நானா?"

"பின்ன நானா?" என்று இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது தொப்பென்று மடியில் விழுந்தது.

வண்டியை அவர் காலடிக்கு அருகில் உருட்டி வந்து, கீழே பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தாள். டூல் பெட்டியில் ஸ்பேனர்கள், ஒயர் துண்டு, உப்புத்தாள், எரிந்து தேய்ந்த ஒரு மெழுகுவத்தித் துண்டு, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன. பிளக் லேசில் அசையவில்லை. "மூச்சப் புடிச்சு ஒரே அமுக்கு. பயந்து பயந்து திருப்பினா அதுக்குத் தெரிஞ்சு போயிடும்" என்றார். அமுக்கினாள். கழன்றது. வெளிச்சத்தில் நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன கலர் சொல்லு."

"பிஸ்கட் கலர்."

"கருகின பிஸ்கட்டா, நல்லா வெந்ததா?"

"நல்லா வெந்தது."

"அப்படி இருந்தா எஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "இருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்" என்றார்.

தேய்த்தாள். மறுநாள் ஓட்டிப் பார்த்தாள். மரக்கடை வரைக்கும் போய் நின்றது.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அதுதான் வேலை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றி, காலையும் கையையும் நீவிவிட்டு, சமைத்து முடித்தால் சாக்கு விரிப்பாள். மழை தகரத்தில் கொட்டும். கூரையில் இருந்த ஓட்டைகளுக்கு அடியில் சட்டிகளை வைத்துவிட்டு உட்கார்வாள். கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் இருந்த கிண்ணத்தைத் திறந்து, ஊசித் துவாரம் மாதிரி இருந்த ஜெட்டை எடுத்து வாயில் வைத்து ஊதச் சொன்னார். ஊதினாள். வாய் முழுக்கப் பெட்ரோல் கசந்து, முற்றத்துக்கும் குழாயடிக்குமாக ஓடி ஓடித் துப்பினாள்.

அவர் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போன சிரிப்பு. ஆனாலும் சிரிப்பு. "நானும் மொதல்ல முழுங்கித் தொலைச்சிருக்கேன். ரெண்டு நாள் ஏப்பம் எல்லாம் பெட்ரோல்" என்றார்.

"இதச் சொல்லியிருந்தா ஊதியே இருக்கமாட்டேன்ல?"

"அதான் சொல்லல."

அவளும் சிரித்துவிட்டாள். சுவருக்கு மேலாகத் தையல்கார அக்காவின் தலை தெரிந்தது.

"என்னடி இது? மூத்தாளுக்கு ஆபரேஷனா? அண்ணன் டாக்டர், நீ நர்ஸா?"

"நர்ஸ் வேலையோட எடுபிடி வேலையும் சேத்துக்கா."

"பரவால்ல. இத்தன வருஷமா உங்க வீட்ல வசவுச் சத்தம்தான் கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேக்குது. வண்டி நின்னாலும் நின்னுச்சு, ஒரு நல்லது நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் தலை இறங்கிற்று. பின்னாலேயே தையல் மிஷின் சத்தம் தொடர்ந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அக்கா சொன்னது உண்மைதான். "அடுத்து என்னங்க?" என்று இவள் கேட்பாள். அவர் சொல்வார். திட்டவில்லை. தப்பாகத் திருப்பினாலும், "பரவால்ல, திரும்பப் பண்ணு" என்றார். நடுநடுவே, கேட்காமலே, பழைய கதைகள் வந்தன. வண்டி வாங்கப் போன அன்றைக்கு ஷோரூம் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனது. முதல் நாள் லைனில் முட்டை மேல் பன் பெட்டியை வைத்து ஒரு கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இவளிடம் ஒரு கதை சொன்னவர் இல்லை. கையெல்லாம் பெட்ரோல் வாடை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் ஊட்டியதைச் சாப்பிட்டார். காலையில் அடுப்படியில் நிற்கும்போதே மத்தியானம் எப்போது வரும் என்று அவளுக்கு இருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தையல்கார அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இதுல எதுக்குங்க ஒரு ஊக்கு கோத்து வச்சிருக்கீங்க?" சாவி வளையத்தில் ஒரு சின்ன ஊக்கு எப்போதும் தொங்கும். முனை மட்டும் நிமிர்த்தி நீட்டப்பட்டிருந்தது.

"சட்டை பட்டன் அறுந்தா குத்திக்கத்தான். கெடந்துட்டுப் போவுது."

"என் கையில குத்திக்கிட்டே இருக்கு. கழட்டிடவா?"

"கெடக்கட்டும்ங்கறேன்ல." சட்டென்று பழைய குரல் வந்தது. பிறகு தணிந்து, "பழகின சாவி. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இன்னொரு நாள், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம். "டேங்க் மூடிய நல்லா ஒரு தரம் பாக்கவா? மழைத்தண்ணி எறங்குதோ என்னவோ."

"மூடியில என்ன இருக்கு பாக்க? சும்மா தொறந்து தொறந்து வச்சா தூசி விழும். அப்புறம் கார்புரேட்டர் மறுபடி அடைச்சிக்கும். சொன்னத மட்டும் செய்."

செய்தாள். அவரை மீறி வண்டி விஷயத்தில் யோசிக்கிற ஆளா அவள்?

கார்புரேட்டர் முடிந்து, நெருப்புப் பொறியைக் கிளப்புகிற பாயின்ட் வந்தது. ப்ளேடு தடிமனுக்கு இடைவெளி வைத்தாள். கண்டன்சர் மாற்றினாள். கடைசியில் பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயில்தான் சூடாகி நிறுத்துகிறது என்றார். அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் கை வைத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், வண்டி இருமி நிற்பதைச் சொல்லிக் காயில் கேட்டாள்.

"எந்த ஒர்க்‌ஷாப்புலம்மா வேலை நடக்குது?" என்றார் கடைக்காரர்.

"வீட்லதாங்க."

"வீட்லயா? யாரு பண்றது?"

"நானும் அவரும்" என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை நாக்கில் கொஞ்ச நேரம் தித்தித்தது. நானும் அவரும் என்று சொல்லிக்கொள்ள இதுவரை அவர்கள் வாழ்க்கையில் என்ன இருந்தது?

"இது நான் சொல்லக் கூடாதுதான். எனக்குச் சாமான் வித்தா சரி. இருந்தாலும் ஒரு தரம் ஒர்க்‌ஷாப்புல காட்டிருங்கம்மா. இருமி நிக்குதுன்னா காயிலா இருக்காது."

வீட்டில் வந்து சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது. "அவன் சாமான் விக்கறவன். அவனுக்கு என்ன தெரியும்? நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வண்டி ஒர்க்‌ஷாப் வாசல மிதிக்காது. உனக்கு என்மேல நம்பிக்கை இல்லைன்னா சொல்லிடு."

"ஐயோ, நம்பாமத்தான் வாயால பெட்ரோல் குடிச்சேனா?" என்று அவள் சமாதானம் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை காயில் மாட்டினாள். விடாத மழை. பெரிய ரோட்டுக்குப் போக முடியவில்லை. தெருவையே சுற்றிச் சுற்றி வந்தாள். வண்டி நிற்கவில்லை. பூரித்துப்போய் உள்ளே ஓடி வந்தாள்.

"நின்னுச்சா?"

"நிக்கலங்க! நிக்கவே இல்ல!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கோ வலிக்கிறது போல என்று நினைத்து அவள் முதுகைத் தடவினாள். "தூரம் போனாத்தான் தெரியும்" என்றார் அவர்.

திங்கட்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. மேகம் கலையவில்லை. தையல்கார அக்காவிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பாட்டில் பெட்ரோலை ஊற்றி டேங்க்கை மூடினாள்.

"இன்னைக்கு வேணாமே" என்றார் அவர்.

"இன்னைக்குப் போகலைன்னா என்னைக்குப் போறது? முதலாளி என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் பார்வை அவள் கையில் இருந்த சாவிக்கொத்தின் மேல் நின்றது. வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கம் கோணிற்று. பிறகு மூடிக்கொண்டது. பாவம், நல்லபடியாகப் போய் வா என்று சொல்ல நினைத்து நாக்கு வரவில்லை போல என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பேக்கரியில் சூட்டோடு சூடாகப் பெட்டியை நிரப்பினார்கள். புதிய பன்னின் வாசனை முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. முதல் கடையில், "அட, ரொட்டிக்காரர் வீட்டம்மாவா! அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். இரண்டாவது கடையில் ஒரு கிளாஸ் டீ கொடுத்தார்கள். அவளுக்குச் சிறகு முளைத்துவிட்டது. அந்தச் சிறகைப் பாலத்தின் மேல் வண்டி முறித்துப் போட்டது.

நின்றது. காத்திருந்து கிளப்பினாள். மரக்கடையில் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. பெட்டியின் மேல் பாலித்தீன் தாளைப் போட்டுக் கட்டினாள். அங்கிருந்து கிளம்பி, இரண்டு பக்கமும் சரக்குக் கிட்டங்கிச் சுவர் மட்டுமே இருந்த ரோட்டில் மூன்றாவது தரம் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது. அந்நேரம் கடைகளில் டீ ஆற்றிக்கொண்டிருப்பார்கள். பன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அழுதால் ஆகுமா? டூல் பெட்டியைத் திறந்தாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். நெருப்பு நன்றாக அடித்தது. அப்படியானால் கரண்ட் பக்கம் குறை இல்லை. இது அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கார்புரேட்டருக்கு வருகிற பெட்ரோல் குழாயை உருவினாள். இரண்டு சொட்டு விழுந்தது. அப்புறம் வரவில்லை. டேங்க்கை ஆட்டினாள். உள்ளே தளும்பியது. தளும்புகிற பெட்ரோல் ஏன் இறங்கவில்லை?

எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். அதே நொடி, உருவி விட்ட குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டி அவள் பாதத்தை நனைத்தது. பதறி மூடியைப் போட்டாள். ஒழுக்கு மெலிந்து, மெலிந்து, நின்றது. திறந்தாள். கொட்டியது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும். மாதா மாதம் அடுப்படியில் அவள் செய்கிற வேலை.

மூடியைப் புரட்டிப் பார்த்தாள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அழுக்கு மண்டி அடைத்திருந்தது. எதை வைத்துக் குத்துவது என்று சுற்றுமுற்றும் பார்த்தவளின் கண்ணில், சாவியோடு தொங்கிக்கொண்டிருந்த ஊக்கு பட்டது. நிமிர்த்திய முனை. துளையில் வைத்தாள். அதற்காகவே அளந்து செய்தது போல இறங்கியது. வெளியே இழுத்தபோது முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது அழுக்கு இல்லை. மேலே கறுத்து, உள்ளே வெள்ளையாக, மெழுகு.

டூல் பெட்டியில் அந்த மெழுகுவத்தித் துண்டு கிடந்தது. மழையில் நிறுத்துகிற வண்டியின் டேங்க்குக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க, சாயங்காலம் மெழுகு வைத்து அடைப்பது, காலையில் ஊக்கால் குத்தி எடுப்பது. வேறு யாரும் செய்யாத, அவர் மட்டும் செய்கிற வேலை. விழுந்த அன்றைக்கும் அடைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போயிருக்கிறார். மறந்துவிட்டார் என்று நினைக்க அவள் மனசு படாத பாடு பட்டது. ஊக்கைக் கழட்டவா என்று கேட்டதற்கு வந்த குரலும், மூடியைப் பார்க்கவா என்று கேட்டதற்கு வந்த குரலும் அப்படி நினைக்க விடவில்லை. நடுரோட்டில், மழையில், குழாயை மாட்டி மூடியைத் திருகினாள்.

அதற்குப் பிறகு வண்டி ஒரு இருமல் இருமவில்லை. ஆனால் என்ன பிரயோஜனம்? "காலை டீக்கு வராத பன்ன இப்ப யாருக்கும்மா விக்கறது?" என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் வேறு பேக்கரி வேன்காரரிடம் வாங்கி அடுக்கிவிட்டிருந்தார். ஓரத்தில் இருந்த ரொட்டிகள் நனைந்து ஊறியிருந்தன. முக்கால் பெட்டி அப்படியே திரும்பி வந்தது.

முதலாளி பெட்டியைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

"வண்டி சரியாயிருச்சு முதலாளி. இனிமே நிக்காது. சத்தியமா நிக்காது. நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

"காலைல இருந்து போன் மேல போன்மா. இன்னும் ஒரு நாள் இப்படி ஆனா கடையெல்லாம் கைய விட்டுப் போயிடும். வேன் வச்சிருக்கற ஒரு ஆளுகிட்ட பேசி முடிச்சிட்டேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் ஈரப் பன்களைக் கூடையில் எடுத்துப் போட்டார். "பேக்கிங்குக்கு ஒரு ஆள் தேவைப்படுது. நாள் பூரா நின்னுக்கிட்டே செய்யற வேலை. முடியும்னா நாளைக்கே வா."

"வர்றேங்க" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

வீட்டில் தையல்கார அக்கா அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஈரம் சொட்ட வந்து நின்றவளை அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

"எங்க நின்னுச்சு?"

நின்றதா என்று கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். அவள் சாவிக்கொத்தை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். ஊக்கின் முனையில் மெழுகு அப்படியே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைத்தண்ணி எறங்காம இருக்க..."

"அது எனக்குத் தெரியுது. நான் கேக்கறது அது இல்ல."

"மறந்துட்டேன்."

"எந்தக் கடைக்கு எத்தன பன்னுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றீங்க. இது மட்டும் மறந்துருச்சாங்க?"

அவர் பெருவிரலால் ஊக்கின் முனையில் இருந்த மெழுகைச் சுரண்டினார்.

"இருமி நின்னுச்சுன்னு மொத நாள் நீ சொன்னியே, அப்பவே தெரியும்" என்றார்.

அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"லைன் போச்சுங்க" என்றாள். "வேன்காரருக்குக் குடுத்துட்டாங்க."

அவர் திடுக்கிட்டது போலத்தான் இருந்தது. அது வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லையோ என்னவோ. "அப்படி ஆகணும்னு நான் நினைக்கல. ஒரு நாள் ரெண்டு நாள் போகட்டும், சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ லைனுக்குப் போயிட்டா நான் யாரு?" குழறல் அதிகமாயிற்று. "மொதல்ல ரொட்டிக்காரர் வீட்டம்மாம்பான். ஒரு மாசத்துல ரொட்டிக்காரம்மான்னு உன்னத்தான் கூப்பிடுவான். நான் இந்த நாற்காலியில ஒரு மூட்டை. நேரத்துக்குத் தூக்கி வைக்கணும், நேரத்துக்கு எறக்கி வைக்கணும். அவ்வளவுதான?"

"அதுக்காக?"

"நீ பக்கத்துல சாக்கு விரிச்சு உக்காந்து, அடுத்து என்னங்க, அடுத்து என்னங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்த. இந்த வீட்ல நான் மனுஷனா இருந்தது அந்த நேரம்தான். வண்டி சரியாயிட்டா நீ ஏன் கேக்கப்போற?"

ஒரு கண்ணிலிருந்து மட்டும் கண்ணீர் நிற்காமல் வந்தது. துடைக்க அவர் கை வரவில்லை. சாவியை விட மனமில்லாமல் இடது கை மூடியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அவள் எழுந்து போய்த் துடைத்திருப்பாள்.

"எனக்கும் அது பிடிச்சிருந்துச்சுங்க" என்றாள் தரையைப் பார்த்தபடி. "காலைல எந்திரிச்சதுலருந்து மத்தியானம் எப்ப வரும்னு இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட நானும் அவரும்னு சொன்னேன். வெக்கமா இருக்கு இப்ப. லைன் போனதுகூட எனக்குப் பெருசில்ல. நமக்குன்னு இருந்தது அந்த நாலு மத்தியானம். அதையும் பொய்யாக்கிட்டீங்களே."

அவளே எழுந்தாள். ஈரத்துணி மாற்றி, சமைத்து, அவருக்கு ஊட்டினாள். அவள் கையில் பெட்ரோல் வாடை மற்ற நாளைவிட அதிகமாகவே இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. போட்டதையெல்லாம் தின்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லா வேலையும் நடந்தது. குளிப்பாட்டினாள், கையையும் காலையும் நீவினாள், நாற்காலியில் உட்கார வைத்தாள். வண்டியின் பின்னால் இருந்த தகரப் பெட்டியை அவிழ்த்து முற்றத்தின் மூலையில் வைத்தாள். சாவி வளையத்திலிருந்து ஊக்கைக் கழற்றி அவர் நாற்காலியின் கைமேல் வைத்தாள்.

வண்டியைத் திருப்பி வாசலுக்குத் தள்ளும்போது செயின் தொங்கி உரசியது. அவர் காது தவறவிடுமா? ஆசையாக முன்னால் சாய்ந்தார்.

"செயின் தொங்குது பாரு. சாயங்காலம் சீக்கிரம் வந்துடு, டைட் பண்ணிடலாம். ஒண்ணும் கஷ்டமில்ல. நான் சொல்லச் சொல்ல நீ..."

எந்த நட்டைத் தளர்த்த வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும், எவ்வளவு ஆட்டம் விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். அவர் சொல்லக்கூட வேண்டாம்.

"வேணாங்க" என்றாள். "பாலம் தாண்டி, போற வழியில ஒர்க்‌ஷாப் இருக்கு. அங்க குடுத்துக்கறேன்."

அவள் கிக்கரை உதைத்தாள். ஒரே உதையில் கிளம்பிற்று. தெரு தாண்டி, பெரிய ரோடு ஏறி, பாலம் வரைக்கும் அந்தச் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அது எங்கேயும் நிற்கவில்லை.